நீலக் கம்பங்களும் 13 லட்சம் டாலரும்

அமெரிக்க ஓவியர் ஜாக்சன் போலக்கின் 'ப்ளூ போல்ஸ்' ஓவியத்தை மொபைலில் காட்டினால் நம்ம ஊரில் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "இதுக்கு எவ்வளவு?" தல்லாகுளத்தில் சுவர் விளம்பரம் எழுதுகிற அண்ணன் மட்டும், "எனாமல்தானே தம்பி, நடுவுல அலுமினியமும் இருக்கு போல" என்றார். ரெண்டுமே சரி. கேட், கிரில்லுக்கு அடிக்கிற அதே வகைப் பெயிண்ட்தான், கூடவே உடைந்த கண்ணாடித் துண்டுகளும் ஒட்டியிருக்கின்றன.

1952-இல் வரைந்தது. ஏறக்குறைய 16 அடி நீளம், 7 அடி உயரம். முதலில் வெறும் எண்தான் பெயர், 'நம்பர் 11'. பெயிண்டைச் சொட்டவிட்டும் வீசியும் அடுக்கடுக்காகப் போட்ட பிறகு, ஒரு மரச்சட்டத்தின் விளிம்பில் நீலத்தைத் தோய்த்து எட்டுக் கம்பங்களைப் பதித்தார் என்கிறார்கள். எனக்கு அந்த இடம்தான் பிடிக்கும், ஏனென்றால் அதுவரை கண் எங்கேயும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், அந்தக் கம்பங்கள் வந்ததும் ஒரு தாளக்கட்டு கிடைத்துவிடுகிறது.

பிறகு பென் ஹெல்லர் என்பவர் 32,000 அமெரிக்க டாலருக்கு வாங்கினார். போலக் 1956-இல் கார் விபத்தில் இறந்துபோனார். 1973-இல் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் கேட்டபோது விலை 13 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். பத்து லட்சத்துக்கு மேல் போனால் கலைக்கூடத் தலைவர் கையெழுத்துப் போட முடியாது, அதனால் ஃபைல் பிரதமர் காஃப் விட்லமிடம் போனது. வாங்குங்கள், விலையையும் வெளியே சொல்லுங்கள் என்றார் மனுஷன். அரசாங்கக் காசில் வாங்குவதை மூடி மறைக்காத அந்தத் துணிச்சலுக்கே அவருக்கு ஒரு கும்பிடு போடலாம். ஆனால் பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன: குடிகாரர்கள் வரைந்ததுக்கு இத்தனை காசா! போலக்கின் நண்பர்கள் ரெண்டு பேர் போதையில் அவரோடு சேர்ந்து தொடங்கிய படம் என்று ஒரு கதை கிளம்பியிருந்தது. அவர் மனைவி லீ கிராஸ்னர், அவரும் ஓவியர், அதை மறுத்தார். யார் கேட்டார்கள்?

2016-இல் ஓர் ஆஸ்திரேலிய செனட்டர் இதை விற்று நாட்டின் கடனை அடைக்கலாம் என்றார். அதற்குள் மதிப்பு பல கோடி டாலருக்குப் போயிருந்தது. விற்கவில்லை, நல்லவேளை.

அந்தக் கலைக்கூடம் இருக்கிற கான்பெராவில் உங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது இருந்தால் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். கிட்டே போனால் அந்தக் கண்ணாடித் துண்டுகளும் கண்ணில் படும், போட்டோவில் அது தெரிவதே இல்லை.