பனி கொட்டும் ஊரில் கூரைக்குப் பீலி போட்ட அனுபவம்

எங்கள் வீட்டுக் கூரை ஒரு சொட்டுக்கூட ஒழுகியதில்லை. ஆனால் நிலவறைச் சுவரின் அடிப்பகுதியில் பனி உருகும் காலமெல்லாம் ஈரம் ஏறும். காய்ந்த பிறகு வெள்ளையாக உப்புப் பூத்து நிற்கும். வெளியே வந்து பார்த்தால் கூரை விளிம்புக்கு நேர் கீழே மண்ணில் நீளமாக ஒரு பள்ளம். சுவரில் முழங்கால் உயரத்துக்குச் சேறு தெறித்த கறை. மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. கூரை நீரைச் சரியாகத்தான் தள்ளிவிடுகிறது, அந்த நீர் அத்தனையும் அஸ்திவாரத்தின் ஓரத்திலேயே இறங்கிக்கொண்டிருக்கிறது.

தொங்கிப்போய்க் கிடந்த பழைய பீலியைக் கழற்றிவிட்டுப் புதிதாகப் போட முடிவு செய்தோம். கூரை விளிம்பில் நீரைப் பிடித்து இறங்கு குழாய்க்குக் கொண்டுபோகும் நீளத் தொட்டி, கடையில் ரெயின் கட்டர் (rain gutter) என்று கேட்டு வாங்குவோமே, அதுதான் பீலி. இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்கு ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: தரையிலிருந்து தொடங்குங்கள். எந்த நிறம், எந்த உலோகம் என்பதெல்லாம் அப்புறம். நீர் கடைசியில் எங்கே போய் விழ வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு ஏணியை எடுங்கள்.

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். கூரை மூடியிருக்கும் தரைப்பரப்பு 120 சதுர மீட்டர், பெய்த மழை 25 மில்லிமீட்டர் என்றால் 3,000 லிட்டர். ஒரே மழைக்கு இவ்வளவு! பனியில் நிலைமை இன்னும் மோசம். வாரக்கணக்கில் கூரையில் தேங்கியிருந்த நீர், வெயில் ஏறியதும் சில நாட்களில் மொத்தமாக இறங்கும். அந்த நேரத்தில் தரை உறைந்தே இருக்கும், மண் உறிஞ்சாது. நீர் சுவரோரம்தான் வழி தேடும். அங்கே ஊறிய மண் மறுபடி உறைந்தால் விரிந்து அஸ்திவாரத்தை நெருக்கும். நீர் பனிக்கட்டியாகும்போது கன அளவு ஏறத்தாழ 9 சதவீதம் கூடுகிறது. அதோடு உறையும் மண் கீழேயிருந்தும் ஈரத்தை இழுத்து அடுக்கடுக்காகக் கட்டிவிடும்.

அதனால் வீட்டைச் சுற்றி நடந்து, இறங்கு குழாய்கள் எங்கெங்கே வரலாம் என்று ஒரு தாளில் வரைந்தேன். சுவரிலிருந்து குறைந்தது 6 அடி தள்ளி நீர் விழ வேண்டும். விழும் இடத்திலிருந்து தரை வெளிப்பக்கமாகச் சரிய வேண்டும்; முதல் 10 அடியில் 6 அங்குலச் சரிவு இருந்தால் நல்லது. சில இடங்களில் தரை வீட்டைப் பார்த்துச் சரிந்திருந்தது. அங்கே களிமண் கலந்த மண் கொட்டி, மிதித்து இறுக்கி வாட்டத்தைத் திருப்பினோம். பீலி வேலையிலேயே அதிக முதுகுவலி தந்தது இந்த மண்வேலைதான். ஆனால் இதைத் தவிர்த்துவிட்டு மேலே எவ்வளவு நல்ல பீலி போட்டாலும் பயன் பாதிதான்.

நடைபாதையின் குறுக்கே எந்தக் குழாயும் நீரை விடக் கூடாது என்பதையும் அப்போதே முடிவு செய்தோம். பகலில் உருகி வழியும் நீர் இரவில் கண்ணாடியாக உறையும். அதில் கால் வைத்தால் எலும்பு முறியும். பழைய ஏற்பாட்டில் வாசற்படிக்குப் பக்கத்தில் ஒரு குழாய் இருந்தது. அதை முழுவதுமாக வீட்டின் மறு மூலைக்கு மாற்றினோம். அண்டை வீட்டார் பக்கம் நீர் போகாமலும் பார்த்துக்கொண்டோம்.

இன்னொரு குழாய் மண்ணுக்குள் புதைத்த பிளாஸ்டிக் குழாயில் போய்ச் சேர்ந்திருந்தது. பார்க்க நேர்த்தியாக இருக்கும், புல்வெட்டும் இயந்திரத்துக்கு இடைஞ்சல் இல்லை. ஆனால் ஆழமில்லாமல் புதைத்த குழாய்க்குள் நிற்கும் நீர் குளிரில் உறைந்து அடைத்துக்கொள்ளும். அப்புறம் மேலேயிருந்து வரும் நீர் இறங்கு குழாய்க்குள்ளேயே நின்று உறையும், குழாய் வெடிக்கும். அதனால் புதைகுழாயைத் துண்டித்துவிட்டுத் தரைக்கு மேலேயே நீட்டுக்குழாய் வைத்தோம். தேவைப்படும்போது மேலே மடக்கி வைக்கும் கீல் உள்ளது கிடைக்கிறது. அழகு கொஞ்சம் குறைவு. பரவாயில்லை.

கீழே எல்லாம் முடிவான பிறகுதான் மேலே ஏறினோம். ஏணி விஷயத்தில் நான் கண்டிப்பானவன். நான்கு அடி உயரத்துக்கு ஓர் அடி வீதம் ஏணியின் கால் சுவரிலிருந்து தள்ளியிருக்க வேண்டும். ஏணியைப் பீலியின் மேல் சாய்க்கக் கூடாது. அது நசுங்கும், ஏணியும் வழுக்கும். சுவரில் ஊன்றிக்கொள்ளும் தாங்கிக் கைகள் தனியாகக் கிடைக்கும், அவற்றை ஏணியில் மாட்டிக்கொண்டோம். மச்சான் கீழே பிடித்துக்கொண்டு நின்றார். வீட்டுக்குள் மின்கம்பி நுழையும் பக்கத்தில் நாங்கள் கையே வைக்கவில்லை. இரண்டாம் மாடி உயரத்தையும் அந்தப் பக்கத்தையும் ஒப்பந்தக்காரரிடம் கொடுத்தோம். தாழ்வான கூரைகளை மட்டும் நாங்களே செய்தோம்.

பழைய பீலியைக் கழற்றியதும் அதன் பின்னால், கூரை விளிம்பு நெடுக அடித்திருந்த ஃபேசியா பலகை பல இடங்களில் விரலால் அழுத்தினால் உள்ளே போகும் அளவுக்கு உளுத்திருந்தது. காரணம் கண்ணெதிரே தெரிந்தது. ஷிங்கிள் என்பது கூரையில் ஓடுபோல் அடுக்கி வேயும் மெல்லிய பட்டை. அதன் விளிம்பின் கீழே, நீரைப் பீலிக்குள் சொட்ட வைக்கும் சொட்டுத் தகடு இல்லை. அந்தத் தகடு இல்லாவிட்டால் நீர் ஷிங்கிளின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி ஊர்ந்து, பீலிக்கும் பலகைக்கும் நடுவில் இறங்கும். பீலி ஒரு பக்கம், நீர் இன்னொரு பக்கம். பலகைகளை மாற்றி, வெட்டுமுனைகளுக்கும் வண்ணம் பூசி, ஷிங்கிளுக்குக் கீழே விரித்திருக்கும் கூரைத் தாளின் அடியில் செருகிப் பீலிக்குள் எட்டிப் பார்க்கும்படி தகடு அடித்தோம். புதுப் பீலிக்கு விலை கேட்கும்போதே இந்தத் தகடும் பலகையும் அதில் சேர்த்தியா என்று கேட்டுவிடுங்கள். உளுத்த பலகையில் திருகாணி நிற்காது.

உலோகமா பிளாஸ்டிக்கா என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. வினைல் பீலி கடுங்குளிரில் விறைத்து நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும்; குளிருக்கும் வெயிலுக்கும் அலுமினியத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் சுருங்கி விரியும். துத்தநாகம் பூசிய எஃகு உறுதியானது, ஆனால் அந்தப் பூச்சு தேய்ந்த இடத்தில் துரு பிடிக்கும். அலுமினியம் துருப்பிடிக்காது, எடையும் குறைவு. அதில் 0.027 அங்குலம், 0.032 அங்குலம் என்று தடிமன்கள் உண்டு. பனி ஊருக்குத் தடிமனான இரண்டாவதுதான். செம்பும் அலுமினியமும் ஒன்றையொன்று தொடும்படி வைக்கக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள். ஈரத்தில் அலுமினியம் அரித்துப்போகும்.

நீளமான பக்கங்களுக்கு ஒட்டில்லாத பீலி போட்டோம். ஒப்பந்தக்காரர் வண்டியிலேயே இயந்திரத்தைக் கொண்டுவந்து, அலுமினியச் சுருளை ஒரு முனையில் கொடுத்து, மறுமுனையில் வீட்டின் நீளத்துக்கு ஒரே துண்டாக எடுக்கிறார். இடையில் மூட்டே கிடையாது, மூலைகளிலும் முனைகளிலும் மட்டும்தான் சீலன்ட், அதாவது இடுக்கை அடைக்கும் பசை. குளிர் ஊரில் இது ஏன் முக்கியம் என்றால், 12 மீட்டர் அலுமினியம் கோடையின் 35 டிகிரிக்கும் குளிர்காலத்தின் மைனஸ் 25 டிகிரிக்கும் நடுவில் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் நீண்டு சுருங்கும். அந்த இழுப்பு எல்லாம் மூட்டில்தான் போய் நிற்கும்.

அகலம் 6 அங்குலம் எடுத்தோம். இறங்கு குழாய் 3க்கு 4 அங்குலம். வழக்கமாக மாட்டும் 2க்கு 3 குழாயைவிட இதன் உள்பரப்பு சரியாக இரண்டு மடங்கு. இலையும், பாதி உருகிய பனிக்கூழும் சிக்காமல் இறங்க இந்த அளவு உதவுகிறது.

ஒப்பந்தக்காரரோடு கொஞ்சம் வாதாட வேண்டியிருந்தது பீலியைத் தாங்கும் கொக்கிகளின் இடைவெளியைப் பற்றித்தான். 24 அங்குலத்துக்கு ஒன்று போதும், எல்லா வீட்டுக்கும் அப்படித்தான் போடுகிறோம் என்றார். மழைக்கு அது போதும். ஆனால் 6 அங்குலப் பீலியின் ஒரு மீட்டரில் 7 லிட்டருக்குக் குறையாமல் கொள்ளும். 10 மீட்டர் முழுக்க உறைந்து நின்றால் 60 கிலோவைத் தாண்டும். அதன் மேல் குவியும் பனியும் தொங்கும் பனிக்கூர்களும் தனி. இடைவெளியைக் குறைத்துத்தான் போட வேண்டும் என்று நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் 16 அங்குலத்துக்கு ஒன்று என்று ஒத்துக்கொண்டார். கூரையின் கைமரங்கள் 16 அங்குல இடைவெளியில் இருந்தது வசதியாகப் போயிற்று. ஒவ்வொரு திருகாணியும் ஃபேசியா பலகையைத் துளைத்துக் கைமரத்தின் முனைக்குள் இறங்கியது. பழையதில் நீண்ட ஆணிகள் அடித்திருந்தார்கள். ஆணி மெல்ல மெல்லப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், திருகாணி அப்படி வராது. உங்கள் வீட்டில் கைமரம் 24 அங்குலத்துக்கு ஒன்று என்றால், கைமரம் ஒவ்வொன்றிலும் ஒரு கொக்கி, நடுவில் இன்னொன்று என்று கேளுங்கள்.

வாட்டம் 10 அடிக்குக் கால் அங்குலம். ரசமட்டத்தை நம்பி நீண்ட தூரம் போனால் சிறு பிழை சேர்ந்துகொண்டே போகும். அதனால் நாங்கள் செய்த பக்கத்தில் இரண்டு முனையிலும் உயரத்தை அளந்து குறித்து, நூல் கட்டி, அந்த நூலையே பிடித்துக்கொண்டு போனோம். பழைய வீடுகளில் கூரை விளிம்பே நேராக இருக்காது. கண்ணுக்குக் கோணலாகத் தெரிந்தாலும் நூலைத்தான் நம்ப வேண்டும்.

பனி ஊருக்கே உரிய இன்னொரு அளவு உண்டு. கூரையின் சரிவை அப்படியே ஒரு நேர்கோடாக வெளியே நீட்டிப் பாருங்கள். பீலியின் முன் உதடு அந்தக் கோட்டுக்குக் கீழேயே இருக்க வேண்டும். மேலே துருத்திக்கொண்டு நின்றால், சறுக்கி வரும் பனிப்பாளம் அதில் மோதிப் பீலியையே பிடுங்கிக்கொண்டு போகும். கீழே இருந்தால் பனி மேலாகத் தாண்டி விழும், உருகிய நீர் மட்டும் உள்ளே இறங்கும்.

சீலன்டை உலர்ந்த நாளில், குளிர் தொடங்குவதற்கு முன்பே பூசி, நன்றாக இறுக விட்டோம். பிறகு தோட்டக் குழாயால் உச்சியிலிருந்து நீர் விட்டுப் பார்த்தோம். எங்காவது தேங்குகிறதா, பின்பக்கம் கசிகிறதா என்று ஒருவர் மேலேயும் ஒருவர் கீழேயும் நின்று பார்ப்பது நல்லது. ஒப்பந்தக்காரர் செய்த பகுதியையும் அவர் கிளம்புவதற்கு முன்பே இப்படிச் சோதித்தோம்.

பீலி போட்டால் கூரை விளிம்பில் பனிக்கட்டி அணை கட்டாது என்று பலர் நம்புகிறார்கள். அதற்கும் இதற்கும் தொடர்பு குறைவு. வீட்டுச் சூடு கூரைக்கு அடியில் உள்ள அட்டிக்குக்குள் கசிந்து கூரையைச் சூடாக்குகிறது; மேலே உள்ள பனி உருகி வழிந்து, சுவருக்கு வெளியே நீட்டியிருக்கும் குளிர்ந்த விளிம்பில் மறுபடி உறைகிறது. அப்படியே அணை உயர்கிறது, பின்னால் தேங்கும் நீர் ஷிங்கிளுக்கு அடியில் புகுகிறது. இதற்கு மருந்து அட்டிக்கில்தான் இருக்கிறது. விளக்குகள், குழாய்கள், ஏறும் கதவு இவற்றைச் சுற்றியுள்ள இடுக்குகளை அடைத்தோம், வெப்பக்காப்பைக் கூட்டினோம், கூரை விளிம்புக் காற்றுத் துவாரங்கள் மூடிக்கொள்ளாமல் தடுப்புகள் வைத்தோம். பக்கத்து வீட்டுக் கூரைகளில் பனி கிடக்க உங்கள் கூரையில் மட்டும் சீக்கிரம் கரைகிறது என்றால், பணத்தை முதலில் அங்கே போடுங்கள்.

இரண்டு சரிவுகள் சந்திக்கும் ஒரு மூலைக்கு வெயிலே வராது. அங்கே மட்டும் மின்சாரத்தில் சூடாகிப் பனியை உருக்கும் வெப்பக் கம்பி போட்டோம். அந்தக் கம்பி பீலியோடு நிற்காமல் இறங்கு குழாய்க்குள்ளும் கடைசி வரை போக வேண்டும். இல்லையென்றால் மேலே உருகியது குழாய்க்குள் போய் உறையும். கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புள்ள இணைப்பில்தான் அதைக் கொடுக்க வேண்டும். அதை மின்பணியாளர் செய்தார்.

இலை தடுக்கும் வலை போடவில்லை. ஊசியிலை மரம் பக்கத்தில் இருப்பதால் ஊசிகள் வலைக்கண்ணில் செருகிக்கொள்ளும்; மேலே பனி இறுகினால் நீர் உள்ளே இறங்காமல் வலையின் மேலாக வழிந்து விளிம்பில் தொங்கும். இலை உதிர்ந்து முடிந்ததும் ஒருமுறை, பனி போனதும் ஒருமுறை கையால் அள்ளிச் சுத்தம் செய்கிறோம். உயரமான வீடு, ஏற முடியாதவர்கள் என்றால் நுண்கண் வலை போடுவதில் நியாயம் இருக்கிறது.

பின்கட்டில் செங்குத்தான உலோகக் கூரை ஒன்று உண்டு. அதற்குப் பீலியே போடவில்லை. அங்கே பனி ஒரே பாளமாகச் சறுக்கி விழும், எந்தக் கொக்கியும் அதைத் தாங்காது. கூரையில் பனித்தடுப்புக் கம்பி போட்டால் பீலியும் போடலாம்தான், ஆனால் அந்தச் சிறு கூரைக்கு அவ்வளவு செலவு வேண்டாம் என்று தோன்றியது. நீர் விழும் கோட்டில் அகலமாகப் பள்ளம் தோண்டி, வெளிப்பக்கம் வாட்டம் கொடுத்து, துளையிட்ட குழாயை அடியில் வைத்து, துணி விரித்துச் சல்லி நிரப்பியிருக்கிறோம். அந்தப் பக்கம் யாரும் நடக்காதபடி வழியையும் மாற்றிவிட்டோம்.