டூட்டி நோட்டு: திசு வங்கியில் ஒரு வாரம்

மார்ச் 4, செவ்வாய்

இன்று முழுக்க வார்டில் ஒப்புதல் வாங்கும் வேலை. கன்னத்தில் புற்றுநோய், வெள்ளிக்கிழமை ஆபரேஷன், முப்பது வருஷமாக வெற்றிலையோடு புகையிலை போட்டவர். திருவண்ணாமலைப் பக்கம். ஆயா என்றுதான் கூப்பிட்டேன். "திசு வங்கி" என்றதும் மருமகள் பதறிவிட்டார், பாஸ்புக், ஆதார் என்று ஏதோ கேட்கப் போகிறேன் என நினைத்து. இனி வார்டில் அந்த வார்த்தையையே எடுக்கக் கூடாது.

சரி, முதலிலிருந்து சொன்னேன். வெட்டி எடுக்கிற கட்டியில் நோயைப் பார்க்க வேண்டியது போக மிஞ்சினால் துவரம்பருப்பு அளவில் ரெண்டு மூணு துண்டு, கூடவே கொஞ்சம் ரத்தம், ஆராய்ச்சிக்காக வைப்போம், குழாய் மேல் பேர் இருக்காது நம்பர்தான், உங்களுக்கு இதில் ஒரு பைசா வராது, வேண்டாம் என்றாலும் வைத்தியத்தில் குறை வைக்க மாட்டார்கள், பின்னால் மனசு மாறினாலும் சொல்லலாம். எல்லாம் கேட்டுவிட்டு ஆயா கேட்டது எங்கள் படிவத்தில் இல்லாத கேள்வி: "மிச்ச சதையை என்ன பண்ணுவீங்க? எங்க ஊர்ல பொதைப்போம்."

பதில் எனக்குத் தெரியும். வாய் வரவில்லை. கேட்டுச் சொல்றேன் ஆயா என்று மழுப்பினேன். கைநாட்டு வைத்தார். சாட்சி எங்கள் ஆளாக இருக்கக் கூடாது என்பதால் பக்கத்துக் கட்டில்காரரின் மகன் கையெழுத்துப் போட்டார்.

1951-ல் பால்டிமோரில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற புற்றுநோயாளியின் கட்டியிலிருந்து கேட்காமலே செல்களை எடுத்தார்கள். உலகமெங்கும் லேப்களில் அவை வளர்ந்துகொண்டிருந்தது குடும்பத்துக்குத் தெரியவே 20 வருஷத்துக்கு மேல் ஆனது. அந்த நாலு பக்கப் படிவம் எரிச்சல் தரும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்வேன்.

மார்ச் 6, வியாழன்

எரிச்சலான நாள். மார்பகக் கட்டி ஒன்று வெளியே வந்து ஸ்டீல் தட்டில் கிடக்கிறது, ஆபரேஷன் தியேட்டரிலிருந்து (ஓ.டி.) எனக்கு யாரும் போன் பண்ணவில்லை. நானாக எட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. திசுவைச் சோதித்து நோயைச் சொல்லும் பேத்தாலஜி டாக்டர் துண்டு போட்டுக் கொடுத்து, நான் திரவ நைட்ரஜனில் இறக்கியபோது கட்டி வெளியே வந்து 52 நிமிஷம். எங்கள் இலக்கு 30.

ரத்த ஓட்டம் நின்றதுமே உள்ளே எல்லாம் மாற ஆரம்பித்துவிடும், ஜீன்களின் செய்தியைச் சுமக்கிற ஆர்.என்.ஏ. சிதையும், சில ஜீன்கள் மூச்சு முட்டுகிற மாதிரி துள்ளும். மைனஸ் 196 டிகிரியில் இறக்கினால்தான் அதெல்லாம் அப்படியே நிற்கும். "30னு போட்டுட்டா என்ன, யார் பார்க்கப் போறா?" என்றார் ஒருவர். 52 என்றே எழுதினேன். பத்து வருஷம் கழித்து யாரோ ஒருவர் அந்தத் துண்டைப் பிரித்துப் பார்த்து, தட்டில் காய்ந்ததால் வந்த மாற்றத்தைப் புற்றுநோயின் குணம் என்று எழுதித் தொலைத்தால்?

மார்ச் 7, வெள்ளி

ஆயாவுக்கு ஆபரேஷன். ஓ.டி. வாசலிலேயே நின்றேன், 11 நிமிஷத்தில் பேத்தாலஜி மேஜைக்குக் கொண்டுபோய்விட்டேன், பெருமையாகத்தான் இருந்தது. டாக்டர் ஓரங்களுக்கு நீலமும் கறுப்புமாக மை தடவி, ரொட்டி மாதிரி வரிசையாக அறுத்து, ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். கட்டி சின்னது. எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது, ஓரம் சுத்தமா என்று பார்க்க முழுசும் வேண்டும், இதில் நான் துண்டு எடுத்தால் ரேடியேஷன் வேண்டுமா வேண்டாமா என்கிற கணக்கே தப்பலாம். "உனக்கு இல்லப்பா." அவர் சொன்னது நியாயம். பார்கோடு ஒட்டித் தயாராக வைத்திருந்த மூன்று குழாய்களையும் ரத்து செய்தேன். ரத்தம் மட்டும் மைனஸ் 80 ஃப்ரீசருக்குப் போனது.

மார்ச் 10, திங்கள்

ஆயாவுக்கு மூக்கில் குழாய், பேச முடியாது. என்னைப் பார்த்ததும் ரெண்டு கையாலும் ஒரு பெட்டி வரைந்து, கன்னத்துக் கட்டைத் தொட்டுக் காட்டினார். இல்லை ஆயா, உங்களுக்கே பத்தலை, ரத்தம் மட்டும் வச்சிருக்கோம் என்றேன். ஊசி குத்திய இடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

அப்புறம் அன்றைக்கு மழுப்பியதையும் சொல்லிவிட்டேன். நோய் இருந்த இடமெல்லாம் மெழுகுக் கட்டிகளாகப் பேத்தாலஜி அலமாரியில் இருக்கும். மிச்சம் மஞ்சள் பையில் போகும், எரித்துவிடுவார்கள், புதைப்பதில்லை.

கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்தார். மருமகளிடம் பேனா வாங்கச் சொல்லிச் சைகை காட்ட, அவர் "உனக்குத்தான் எழுத வராதே அத்தை" என்று சொல்ல, ஆயாவுக்குச் சிரிப்பு வந்து தையல் வலித்து என் கையில் ஒரு அடி போட்டார்.