ஏற்காட்டில் ஆறு மணி நேரம்: மூன்றாவது முயற்சி

போன நவம்பரில் போட்ட முதல் திட்டம் கேட்பதற்கு அழகாகத்தான் இருந்தது. விடியற்காலையில் சேலத்தில் சைக்கிளை எடுத்து, அடிவாரம் வழியாக 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, மேலே 32 கிலோமீட்டர் லூப் ரோட்டைச் சுற்றி முடிப்பது. போட்டி எனக்கும் மச்சானுக்கும். மனைவி, மகள், அத்தை மூவரும் காரில் வந்து அங்கங்கே எங்களைச் சந்திப்பார்கள். பந்தயத்துக்குப் பந்தயம், டூருக்கு டூர்.

சேலம் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டருக்கு மேல். இந்த 1,200 மீட்டரையும் கட்டை டயர் போட்ட மலைச் சைக்கிளில் தார் ரோட்டில் ஏறினால் யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுப்பது போலவே இருக்கும். ஒன்பது மணிக்கு லேடீஸ் சீட் காட்சிமுனைக்கு வருகிறேன் என்று சொன்னவன் பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்தேன். நடுவில் ஒரு வளைவில் மூச்சு வாங்க நின்றபோது, முதுகுப் பையிலிருந்த கடலை மிட்டாயைக் குரங்கு உருவிக்கொண்டு போனது தனிக்கதை. மேலே ஒரே பனிமூட்டம். இரண்டரை மணி நேரம் அவர்கள் பார்த்தது வெள்ளைப் புகையை மட்டும்தான். "ஏங்க, நாங்க டூர் வந்தோமா, உங்களைத் தேட வந்தோமா?" என்றாள் மனைவி. லூப் ரோடு அன்றைக்கு அவ்வளவுதான்.

ஜனவரியில் நேர்மாறாகச் செய்தேன். எல்லாரும் தூங்கும்போது தனியாகக் கிளம்பி, மதியத்துக்குள் ஓட்டி முடித்துவிட்டு வந்தேன். நேரம் நன்றாக வந்தது. சாப்பிட்டதும் படுத்தவன் எழுந்தபோது மணி ஆறு. அவர்கள் படகுத் துறைக்குப் போய்த் திரும்பியிருந்தார்கள்.

அதற்கப்புறம்தான் 24 மணி நேர மலைச் சைக்கிள் பந்தயங்களைப் பற்றிப் படித்தேன். அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் 1992இல் தொடங்கியது அந்த வகை. ஒரே சுற்றைத் திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டும். தொடங்கிய இடத்திலேயே குடும்பம், நண்பர்கள் எல்லாரும் கூடாரம் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். எனக்கு மண்டையில் உறைத்தது இதுதான்: என் பிரச்சினை கால் வலுவில் இல்லை, பாதையின் வடிவத்தில் இருந்தது. நீளமான பாதையில் வீட்டார் நம்மைத் துரத்த வேண்டும். சுற்றுப்பாதை என்றால் நாமே அவர்களிடம் திரும்பத் திரும்பப் போகிறோம்.

எனவே மார்ச் மாதம், நாகலூர்ப் பக்கம் எஸ்டேட்டை ஒட்டிய ஒரு வீட்டில் மூன்று நாள் தங்கல். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலையில் காபியைக் கொண்டுவந்து வைத்தார். அப்படி வந்த காபித் தோட்டங்களின் மண் பாதைகள்தான் எங்கள் டிராக். எஸ்டேட்காரரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டோம். கேட் திறந்து கிடக்கிறதே என்று நுழைகிற ஆட்களால்தான் நாளைக்கு எல்லாக் கேட்டுக்கும் பூட்டு விழும்.

சுற்று 9 கிலோமீட்டர், ஏற்றம் 200 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஆறு சுற்று முடித்தால் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறின கணக்கு. முதல் 3 கிலோமீட்டர் தார் ஏற்றம், அப்புறம் சில்வர் ஓக் நிழலில் மண் பாதை, மரத்துக்கு மரம் மிளகுக்கொடி. கடைசியில் கல்லும் சரளையுமாக ஓர் இறக்கம். அங்கே முதல் சுற்றில் பின் சக்கரம் தவளை மாதிரித் துள்ளியது. டயர் காற்றை 28 பிஎஸ்ஐயிலிருந்து 22க்குக் குறைத்த பிறகு சக்கரம் தரையோடு ஒட்டிக்கொண்டது. பிரேக்கிலும் ஒரு பாடம். இறக்கம் முழுக்க லேசாகப் பிடித்துக்கொண்டே வந்தால் டிஸ்க் சூடேறி, கடைசியில் லீவரை அழுத்தினாலும் பிடிக்காது. வளைவுக்கு முன்னால் அழுத்திப் பிடித்துவிட்டு, நேர்ப் பாதையில் விட்டுவிட வேண்டும், டிஸ்க் ஆறட்டும்.

இரண்டு நாள் முன்னால் மழை பெய்து காபி பூத்திருந்தது. மல்லிகை வாசம். முதல் இரண்டு சுற்றில் அது எனக்குத் தெரியவே இல்லை, மச்சானின் பின் சக்கரம் மட்டும்தான் தெரிந்தது. மூன்றாவது சுற்றில் அவர் கண்ணுக்கு எட்டாமல் போன பிறகுதான் மூக்கு வேலை செய்தது.

நாலாவது சுற்றில் பாதை நடுவே ஒரு காட்டெருமை. சைக்கிளை இரண்டு பக்கமும் தள்ளி நிறுத்திவிட்டு, மச்சானும் நானும் பத்து நிமிடம் சிலை மாதிரி நின்றோம். அதனால் இடைவெளி குறைந்து இருவரும் ஒன்றாகிவிட்டோம். "மாப்ள, இந்தப் பத்து நிமிஷத்தைக் கணக்குல கழிக்கணும்" என்று அவர் இன்றுவரை வாதாடுகிறார்.

சுற்றுக்கு ஒரு முறை வீட்டு வாசலில் எலுமிச்சை, உப்பு, சர்க்கரை கலந்த தண்ணீர். நாலாவது சுற்று முடிவில் அத்தை தயிர்சாதம் ஊட்டாத குறை. ஐந்தாவதில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது, இறங்கித் தள்ளினேன். காலை ஆறு மணிக்குத் தொடங்கியது, ஆறாவது சுற்றை முடித்தபோது 11.52.

மதியம் தூங்கினேன்தான், ஆனால் ஒரு மணி நேரம். மாலையில் லேடீஸ் சீட்டில் பனிமூட்டம் இல்லை. கீழே சேலத்து விளக்குகள், மலைப்பாதை வளைவுகளில் ஊர்ந்து ஏறும் வண்டி வெளிச்சம். மறுநாள் சேர்வராயன் கோயில் குகைக்குள் குனிந்து போனபோது தொடை இரண்டும் கத்தின.

சுற்றுகளை எண்ணும் பொறுப்பு மகளிடம் இருந்தது. வாசல் திண்ணையில் சாக்பீஸால் கோடு போட்டாள். நான் ஆறாவது முறை வந்தபோது உள்ளே தட்டுவடை சாப்பிட்டுக்கொண்டிருந்தாளாம். "அப்பா, நான் பாக்காததை எப்படி எழுதுறது?" என்றாள். திண்ணையில் எனக்கு ஐந்து கோடு, மச்சானுக்கு ஆறு.