மாத்திரை கொடுத்தால் மட்டும் போதுமா?

சம்பூரில் இருக்கிற சித்தப்பாவுக்குக் காசநோய் மருந்து முடிய இன்னும் மூன்று கிழமை. மொத்தம் 6 மாதம்: முதல் 2 மாதம் நான்கு மருந்து, பிறகு 4 மாதம் இரண்டு. எல்லாம் இலவசம். ஒரு நாளும் மருந்து இல்லையென்று திருப்பி அனுப்பியதில்லை, அதை மறைக்கக் கூடாது.

ஆனால் தொடக்கத்தில் சிறுநீர் செம்மஞ்சளாகப் போனதைக் கண்டு, இரத்தமாக்கும் என்று பயந்து, மனுஷன் மூன்று நாள் மாத்திரையை ஒளித்து வைத்துவிட்டார். (சித்தி பீட்ரூட் கறியில் பழியைப் போட்டார்.) அது ரிஃபாம்பிசின் மருந்தின் நிறம், ஆபத்தில்லை. கிளினிக்கில் ஒரு வசனம் சொல்லியிருந்தால் அந்த மூன்று நாள் தப்பியிருக்கும்.

இரண்டாம் மாத முடிவில் சளி பரிசோதிக்க வேண்டும். நாங்கள் கேட்ட பிறகுதான் போத்தல் வந்தது. வீட்டில் இருக்கிற சின்னவனைப் பரிசோதனைக்குக் கூட்டி வரச் சொல்லவே இல்லை.

எத்தனை பேர் குணமானார்கள் என்று கணக்கெடுக்கிறார்கள், சரி. மூதூர், கிண்ணியா எல்லாம் தாண்டி பஸ்ஸில் திருகோணமலை டவுனுக்கு வந்து, அன்றைய கூலியையும் விட்டுவிட்டு வரிசையில் நிற்கிறவரிடம் யார் என்ன கேட்டார்கள்?

கடைசிச் சளிப் பரிசோதனைக்கு இந்த முறை போத்தலை முன்கூட்டியே கேட்டு வாங்கிவிட்டோம்.