சஃபாவி சாலையில் ஒரு பஞ்சர்

டயர் மாற்றும்வரை உட்காரலாம் என்று ஒரு கல்லைப் பார்த்தேன். கல் முழுக்கக் கீறல்கள்.

ஜோர்தானில் சஃபாவி பக்கம். கண்ணுக்கெட்டிய தூரம் கறுங்கல்; என்றோ எரிமலைக் குழம்பு ஓடி ஆறிய பூமி. ஒதுங்க நிழல் இல்லை.

வட்டம், கோடு, கொக்கி. வரி நேராகப் போகாமல் நத்தைக்கூடு மாதிரி சுருண்டு உள்ளே போகிறது.

சஃபாயிட்டிக் எழுத்து! ஏறக்குறைய 2000 வருஷப் பழசு. 28 எழுத்து, அத்தனையும் மெய்யெழுத்து. எந்தத் திசையிலும் எழுதலாம். (நம்ம தமிழ் ஐயா பார்த்திருந்தால் பிரம்புதான்.)

எழுதியவர்கள் அரசர்கள் இல்லை. ஆடும் ஒட்டகமும் மேய்த்தவர்கள். இப்படிப்பட்ட கல்வெட்டுகள் 30,000-க்கும் மேல் பதிவாகியிருக்கின்றன.

என்ன எழுதினார்கள்? இன்னார் மகன் இன்னார் என்று ஆரம்பித்து பாட்டன், பூட்டன் வரை பெயர்கள். அப்புறம் ஒரே வரி: மந்தை மேய்த்தான். மழைக்குக் காத்திருந்தான். தம்பிக்காக அழுதான். "அல்லாத் தாயே, காப்பாற்று." (அல்லாத், அவர்கள் கும்பிட்ட பெண் தெய்வம்.)

சந்தைக் கணக்கோ கடிதமோ எழுதும் தேவை அவர்களுக்கு இல்லை. மேய்ச்சலில் பொழுதுபோகத்தான் எழுதப் பழகினார்கள் என்கிறார் ஆய்வாளர் மைக்கேல் மெக்டொனால்ட்.

தனிமையில் இருப்பவனுக்கு முதலில் தோன்றுவது தன் பெயரை எழுதத்தான் போல. பிறகுதான் துக்கம், வேண்டுதல் எல்லாம்.

சில கல்லில் கடைசியாக ஒரு சாபமும் உண்டு. இதை அழிப்பவன் கண் அவிந்து போகட்டும்!

எனக்கு இந்த எழுத்தை வாசிக்கத் தெரியாது. எதற்கு வம்பு என்று பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தேன்.