ஸ்லைஸ் அடிப்பவர்கள் கோல்ஃப் டிரைவர் வாங்கும் முன்

எங்கள் சுங்கை சிப்புட்டில் (மலேசியா) என்னோடு கோல்ஃப் ஆட வரும் தம்பிகள் அடிக்கடி கேட்பது இதுதான்: "அண்ணே, பந்து வலப்பக்கமா வளைஞ்சு செம்பனைக்குள்ள போயிடுது, நல்ல ஃபார்கிவிங் டிரைவர் ஒன்னு சொல்லுங்க." டிரைவர் என்பது தூரமாக அடிக்கும் மட்டை, ஸ்லைஸ் என்பது பந்து இப்படி வளைந்து போவது. சொல்கிறேன், ஆனால் ஃபார்கிவிங் வேறு, ஸ்லைஸைக் குறைப்பது வேறு.

ஃபார்கிவிங் என்றால் பந்து நடுவில் படாதபோதும் மட்டைத் தலை அதிகம் திரும்பாது, வேகமும் பெரிதாகக் குறையாது, அவ்வளவுதான். அதை எம்ஓஐ (தலை திரும்புவதை எதிர்க்கும் அளவு) என்று அளக்கிறார்கள். ஆனால் ஸ்லைஸ் வருவது, வலக்கைக்காரர்களுக்கு, மட்டை போகிற பாதையைவிட அதன் முகம் வலப்பக்கம் திறந்திருப்பதால். நடுமுகத்தில் சுத்தமாகப் பட்டாலும் வளையத்தான் செய்யும், எம்ஓஐ அதைத் தடுக்காது.

அதனால் கடையில் முதலில் கேட்க வேண்டியது டிரா பயாஸ், அதாவது பந்தை இடப்பக்கம் திருப்ப உதவும் அமைப்பு. ஹீல் பக்கம் (தண்டு சேரும் பக்கம்) எடை வைத்த தலை, முகம் மூடிக்கொள்ள உதவும். பிங் ஜி430 எஸ்எஃப்டி, டெய்லர்மேட் சிம்2 மேக்ஸ் டி இந்த வகை, பழையது நல்ல நிலையில் கிடைத்தாலும் தாராளமாக வாங்கலாம். லாஃப்ட் (முகத்தின் சாய்வு) 9 டிகிரி உள்ளதற்கு ஆசைப்படாதீர்கள். லாஃப்ட் கூடினால் பின்சுழற்சி கூடும், பந்து பக்கவாட்டில் வளைவது குறையும், ஆகவே 10.5 அல்லது 12 எடுங்கள். தண்டு சேரும் கழுத்தைத் திருப்பி லாஃப்டைக் கூட்டுகிற மாடல் என்றால் இன்னும் நல்லது, பெரும்பாலும் முகமும் கொஞ்சம் மூடும்.

அப்புறம் மட்டையின் நீளம். இப்போதைய டிரைவர்கள் 45.5 அங்குலம் அளவில் வருகின்றன, ஒரு அங்குலம் குறைத்தால் நடுவில் அடிப்பது பலருக்கும் சுலபமாகிறது. வெட்டினால் தலை எடை குறைந்ததுபோல் தோன்றும், எடை சேர்க்கச் சொல்லுங்கள்.

காசைச் செலவழிக்கும் முன் மட்டையின் முகத்தில் பாத பவுடர் ஸ்ப்ரே அடித்துச் சில பந்து அடித்துப் பாருங்கள். பந்து பட்ட தடம் ஹீல் பக்கமே விழுந்தால் அதுவே ஸ்லைஸைக் கூட்டும், எந்தப் புது டிரைவரிலும் அது தொடரும். நிற்கிற தூரத்தைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும், மாற்றிப் பார்த்து தடம் நடுவுக்கு வருகிறதா என்று கவனியுங்கள். சரி, அதன் பிறகு ஈப்போவுக்குப் போய் லாஞ்ச் மானிட்டர் (அடியை அளந்து காட்டும் கருவி) உள்ள கடையில் உங்கள் பழைய டிரைவரையும் புதியதையும் மாறி மாறி அடியுங்கள். பாதைக்கும் முகத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டச் சொல்லுங்கள். புதியதில் அது குறையவில்லை என்றால் வாங்காமல் வந்துவிடுங்கள்.