செக் லைட் எரியுது, ஸ்கேனரில் ஒண்ணும் வரல

மழை ஆரம்பித்த பிறகுதான் என் காரில் இந்தத் தொல்லை. பெங்களூரு ரிங் ரோட்டில் ஏதாவது பள்ளத்தில் இறங்கி ஏறினால் போதும், மீட்டரில் மஞ்சள் என்ஜின் லைட், அதாவது செக் லைட், வந்துவிடும். சில நேரம் தானாகவே அணையும். பிக்கப், மைலேஜ், ஐடிலிங் எதிலும் குறை இல்லை. லைட் விட்டுவிட்டு மின்னியிருந்தால் அங்கேயே ஓரங்கட்டியிருப்பேன். அது மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை; அப்படியே ஓட்டினால் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் காலி. நிலையாக எரிந்ததால் ஓட்டிக்கொண்டே காரணம் தேடினேன்.

முதலில் போன சர்வீஸ் சென்டரில், கோளாறுக்கான குறியீட்டை (கோடு) படிக்கும் ஸ்கேனரைச் செருகிப் பார்த்தார்கள். "கோடு எதுவும் வரல சார். ஆக்சிஜன் சென்சார் மாத்திப் பாப்போம். அப்பவும் எரிஞ்சா ஈசிஎம்." ஈசிஎம் என்றால் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர். மாற்றிப் பார்ப்பது அவர்கள், பில் கட்டுவது நான். எஸ்டிமேட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பெட்ரோல் டேங்க் மூடியை இறுக்கிப் பார் என்றும் ஒருவர் சொன்னார். அது அமெரிக்க வண்டிகளுக்கான வைத்தியம். டேங்கிலிருந்து ஆவி கசிகிறதா என்று பார்க்கும் வேலையே 2013 மாடல் என் ஹேட்ச்பேக்கின் ஈசிஎம்முக்குக் கிடையாது.

ஸ்டியரிங்குக்குக் கீழே, ஸ்கேனர் செருகும் இடமான 16 பின் ஓபிடி சாக்கெட்டில் செருகும் ஈஎல்எம்327 புளூடூத் டாங்கிள் ஒன்று வாங்கி, போனில் ஒரு ஆப் போட்டு அதோடு இணைத்தேன். மலிவு டாங்கிள்களில் ஒரு சங்கடம்: ஈசிஎம்மோடு சரியாகப் பேசாமலேயே 'கோடு இல்லை' என்று சொல்லிவிடும். அதனால் முதலில் ஆர்பிஎம், கூலன்ட் சூடு எல்லாம் ஓடுகிறதா என்று பார்த்தேன். ஓடியது. பதிவான கோடு இல்லை. ஒரு தடவை தெரிந்து இன்னும் உறுதியாகாத 'பெண்டிங்' கோடும் இல்லை.

அதற்கப்புறம்தான் அந்த ஆப்பில் ஒரு மூலையில் இருந்த வரி கண்ணில் பட்டது. எஞ்சின் லைட்டை எரியச் சொல்லி ஈசிஎம் ஆணை கொடுத்திருக்கிறதா, எத்தனை கோடு பதிவாகியிருக்கிறது என்று காட்டும் இடம் அது. வண்டி ஸ்டார்ட்டில், மீட்டரில் லைட் பளிச்சென்று எரிந்துகொண்டிருக்க, அங்கே 'ஆஃப்', கோடு '0'. ஈசிஎம் சொல்லாமலே எரிகிறது என்றால் சென்சார் மேல் பழி போட என்ன இருக்கிறது? சந்தேகம் ஈசிஎம்முக்கும் மீட்டருக்கும் நடுவில்தான்.

இதை லிங்கராஜபுரத்தில் எனக்குத் தெரிந்த எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் காட்டினேன். போனை வாங்கிப் பார்த்தவர், "அப்ப வயர் சார். இந்த வண்டியில செக் லைட்டுக்குத் தனி வயர் வருது. ஈசிஎம் அதை எர்த் பண்ணினா, அதாவது பாடியோட சேத்தா, லைட் எரியும். அது வேற எங்கயாவது பாடியில பட்டாலும் எரியும்" என்றார். புது வண்டிகளில் இந்தத் தகவல் தனி வயரில் இல்லாமல், வண்டியின் கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ளும் பொதுவான கேன் லைன் வழியாகப் போவதால் இந்தக் கணக்கு அங்கே பொருந்தாது என்பதையும் அவரே சொன்னார்.

இக்னிஷனை ஆஃப் செய்து ஈசிஎம் கனெக்டரைக் கழற்றினார். மறுபடி சாவியைத் திருப்பினால் லைட் எரிகிறது! எர்த் பண்ண ஈசிஎம்மே இல்லாதபோதும் எரிகிறது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, மல்டிமீட்டரின் ஒரு முனையை அந்த வயரிலும் இன்னொன்றைப் பாடியிலும் வைத்தார். 'பீப்' என்று விடாமல் கத்தியது. ஒரு கையால் வயர் கட்டை நெடுகப் பிடித்து ஆட்டிக்கொண்டே போனார். பேட்டரி தட்டுக்குப் பின்னால் வந்ததும் சத்தம் நின்றது, மறுபடி வந்தது.

தட்டைக் கழற்றியதும் எல்லாம் தெரிந்தது. எலி. மேல் டேப்பைக் கடித்துக் குதறி, உள்ளே ஊதா வயரின் தோலைச் சுண்டுவிரல் நகம் அளவுக்கு உரித்து வைத்திருந்தது. செம்பு பச்சை பூத்துப்போய், பிராக்கெட் போல்ட்டின் மேல் உட்கார்ந்திருந்தது. பள்ளத்தில் குலுங்கினால் தொடும், இன்னொரு குலுக்கலில் விலகும்.

பச்சை பிடித்த பகுதியை வெட்டி எறிந்து, புது வயர் வைத்து சால்டர் செய்து, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு, அந்த வயர் கட்டையும் பிராக்கெட்டிலிருந்து தள்ளிக் கட்டினார். வாங்கிய கூலி அந்த எஸ்டிமேட்டின் ஓரத்துக்குக்கூட வராது. எலிக்குப் புகையிலை வை, நாப்தலீன் உருண்டை வை என்கிறார்கள். இரண்டையும் வைத்திருக்கிறேன், எனக்கு நம்பிக்கை இல்லை. ராத்திரி நிறுத்தியதும் பானட்டைத் திறந்து வைப்பதுதான் கொஞ்சம் பலன் தருகிறது.

முடித்த பிறகு அவர் ஒன்று செய்தார். ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் திருப்பி, செக் லைட் வருகிறதா என்று பார்த்தார். வந்தது, ஸ்டார்ட் ஆனதும் அணைந்தது. "இது வரலன்னாதான் பயப்படணும் சார். செகண்ட் ஹேண்ட் வண்டில கோளாறை மறைக்க இந்த வயரையே வெட்டி விட்டுட்டு விக்கிறாங்க" என்றபடி டாங்கிளை உருவி என் கையில் கொடுத்தார். அதைச் செருகியே வைத்திருந்தால் சாவி இல்லாதபோதும் பேட்டரியைக் குடித்துக்கொண்டிருக்குமாம்.